கடைசி நான்கு தாள்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முதல் வரியை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து ‘நலமா’ என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. நீ பெட்டியோடு மாடிப்படி இறங்கிய அன்று நான் கதவோரம் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. இவள் சுபாவமே அப்படித்தான் என்று நீ விட்டுக்கொடுத்திருப்பாய். இல்லை அக்கா. அன்றைக்கு நான் அம்மா பக்கம்தான் இருந்தேன். அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் கடிதம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

பழைய ஆஸ்பத்திரிச் சலவையில் உன்னோடு இஸ்திரி போட்டாளே, அவளிடம் உன் முகவரியை வாங்கினேன். லேசில் கொடுக்கவில்லை. “எதுக்கு? விட்டுப்போன நாலு திட்டு பாக்கி இருக்கா?” என்றாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். நான் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை கிடைத்திருக்கிறது. ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிப்பார், காற்புள்ளி, முற்றுப்புள்ளி உட்பட எல்லாவற்றையும் வாயால் சொல்லி. இன்னொருவர் அச்சுத் தாளில் அதைச் சரிபார்ப்பார். என்னோடு ஜோடி சேர்ந்தவர் ஒரு வயதான மனிதர். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் வீட்டில் திருடு போனதுபோல முகம் மாறும், அதனால் அவருக்கு ஒற்றுக்காரர் என்று பெயர். அவர் கண்புரை அறுவைக்காக விடுப்பில் போய்விட்டார். ஒரு மாதமாகத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து நானே படித்து நானே திருத்துகிறேன். அம்மா எதிரே உட்கார்ந்து, தையல் கம்பெனியிலிருந்து வந்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே கேட்பாள். முதல் நாள், “என்னடி, மூச்சுக்கு மூச்சு முற்றுப்புள்ளிங்கற, யாரையோ மிரட்டுற மாதிரி இருக்கு” என்றாள். மூன்றாம் நாள் நான் ஒன்றை விட்டுவிட்டபோது, “இங்க முற்றுப்புள்ளி சொல்லலையே” என்றாள்.

புத்தகம் ஒரு யூதக் குடும்பத்தின் கதை. ஐரோப்பாவில் யூதர்களைக் கூட்டங்கூட்டமாக முகாம்களுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்களே, அதில் பிழைத்து வந்த ஒருத்தியைப் பற்றி அவளுடைய மகள் எழுதியது. வீட்டில் ஏழு பேர். லாரி வந்து நின்றபோது பதினாறு வயது அக்கா தன் நான்கு வயதுத் தம்பியைப் பின்சுவருக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் நின்ற ஒரு பண்ணைக்காரியிடம் கொடுத்துவிடுகிறாள். ‘லாரி’ என்று நான் படித்ததும் அம்மாவின் ஊசி நின்றுவிட்டது. அண்ணனையும் சீருடைக்காரர்கள் மில் வாசலிலிருந்து லாரியில்தானே ஏற்றினார்கள். பதினான்கு வருஷம் ஆகிறது, எனக்கு அப்போது பத்து வயது. ஆனாலும் அந்தச் சொல் நம் வீட்டில் இன்னும் சாதாரணச் சொல்லாகவில்லை.

போர் முடிந்து அந்தப் பெண் மட்டும் திரும்பி வருகிறாள். பண்ணை காலி. இருபத்திரண்டு வருஷம் தேடுகிறாள். எத்தனை அலுவலகம், எத்தனை பட்டியல். கடைசியில் வேறொரு நாட்டில், வேறொரு பெயரில் தம்பி கிடைக்கிறான். ரயில் நிலையத்தில் சந்திக்கிறார்கள். அவனுக்கு அவளை அடையாளம் தெரிகிறது.

அம்மா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அண்ணன் இறந்துவிட்டதாக நீ எழுதிக்கொடுத்த பதிவை நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அது இருக்கும்வரை தேடச் சொல்லி மனுக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார்களே. விண்ணப்பித்தவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். பிப்ரவரி 21, காலை பத்து மணி.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவ வந்து கையெழுத்துப் போடட்டும். அப்படியே வீட்டுக்கும் வரட்டும். பழசைப் பேச மாட்டேன்.”

வருவாயா அக்கா?

தங்கை


ஜனவரி 17

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்ததால் சூப்பர்வைசர் கையால் வாங்க வேண்டியதாயிற்று. கல்யாணமா சாவா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன்.

இங்கே ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு. தொற்று வார்டுத் துணி சிவப்புப் பையில் வரும், அதைத் தனியாக ஊறவைக்க வேண்டும். கை தோல் உரிந்திருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். பாய்லருக்குப் பின்னால் நின்று உன் கடிதத்தைப் படித்தேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். புத்தகத்தைப் பற்றி உன்னிடம் பேச எனக்கு என்ன தகுதி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ரயில் நிலையத்தில் பார்த்துக்கொண்டார்கள், சரி. அப்புறம்? அவன் அவளோடு வந்தானா? எந்த மொழியில் பேசினார்கள்? சுவருக்கு மேலே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனவளை அவன் என்னவென்று கூப்பிட்டான்? புத்தகத்தை எழுதியவள் அந்தப் பெண்ணின் மகள் என்கிறாய். கட்டிப்பிடித்து அழுததோடு எந்தக் குடும்பம் முடிந்திருக்கிறது? மறுநாள் காலையில் எழுந்து காபியோ தண்ணியோ குடித்திருப்பார்களே.

நீ சிறுபிள்ளையில் பரீட்சைத் தாளை மடித்துக் காட்டுவாய். மார்க் தெரியும், டீச்சர் கீழே எழுதியது தெரியாது. அந்த மடிப்பு இந்தக் கடிதத்திலும் இருக்கிறது.

முழுசாகச் சொல். கையெழுத்தை அப்புறம் பேசலாம்.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

மடித்துத்தான் காட்டினேன். உன்னிடம் மட்டும் இல்லை, அம்மாவிடமும்.

ரயில் நிலையத்துக்குப் பிறகு இன்னும் நான்கு தாள் இருக்கிறது. அதை அச்சகத்திலேயே படித்து முடித்துவிட்டேன். வீட்டில் உரக்கப் படிக்க வேண்டிய அன்று, ரயில் நிலையத்தில் நிறுத்தி, “முற்றுப்புள்ளி. அவ்வளவுதான்மா, முடிஞ்சிருச்சு” என்றேன். அம்மா முகத்தைப் பார்த்தபின் எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அந்த முகத்தை நான் பத்து வயதுக்கு அப்புறம் பார்த்ததே இல்லை.

அந்த நான்கு தாளில் இருப்பது இதுதான். அவள் அவன் வீட்டில் மூன்று நாள் தங்குகிறாள். அவனுக்குத் தாய்மொழி ஒரு சொல்கூட நினைவில்லை. அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து மொழிபெயர்க்கிறார், அவருக்கும் வேலை இருக்கிறது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவன் டிராம் ஓட்டுகிறவன். தன்னை ஒரு பெண் சுவருக்கு மேலே வீசியது மட்டும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. வேண்டாம் என்று வீசிவிட்டதாகவே இத்தனை வயதுவரை நினைத்திருக்கிறான். இல்லை என்று அவள் விளக்குகிறாள், அவன் தலையாட்டுகிறான், ஆனால் நம்புவதற்குக் காலம் கடந்துவிட்டது. ஏழு பேரும் இருக்கிற புகைப்படத்தை அவள் கொடுக்கிறாள். வெகுநேரம் பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைக்கிறான்.

ஒன்று மட்டும் நல்லது. அவனுடைய மூத்த மகளுக்கு அக்காவின் பெயர்தான். எங்கே கேட்ட பெயர் என்று அவனுக்குத் தெரியாது. வாயில் இருந்தது, வைத்துவிட்டேன் என்கிறான். அந்த இடத்தில் எனக்குத் தாளில் கண்ணீர் சொட்டி மை கலைந்து, வேறு தாள் எடுத்துத் தரச் சொல்லி மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன்.

மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறார்கள். ரயில் சரியான நேரத்துக்கு வந்ததில் இருவருக்கும் நிம்மதி என்று மகள் எழுதுகிறாள். அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. வருஷத்துக்கு ஓர் அட்டை, அதில் அவன் கையெழுத்து மட்டும். வீட்டுக்குத் திரும்பியவள் சுவரில் ஒட்டியிருந்த பட்டியல்களைக் கிழித்துவிட்டு, “கிடைச்சுட்டான். இனிமே தேட யாரும் இல்ல” என்கிறாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் உயிரோடு இருந்திருக்கிறாள். தபால்காரர் வந்தால்கூட எழுந்திருப்பதில்லை. கடைசி வரி இது: ‘முகாமிலிருந்து உயிரோடு வந்த என் அம்மா, அந்த ரயில் நிலையத்திலிருந்து வரவில்லை.’

எனக்கு அந்த மகள்மேல் கோபம். பார்த்துக்கொண்டார்கள் என்று முடித்திருக்கலாம். யார் கேட்டார்கள் அந்த நான்கு தாளை?

நான் செய்தது தப்பு. ஆனால் அம்மா இப்போது காலையில் தலை வாரிக்கொள்கிறாள். 21ஆம் தேதிக்கு வா அக்கா.

தங்கை


பிப்ரவரி 1

சின்னவளுக்கு,

நீ எழுதிய முடிவை மூன்று தடவை படித்தேன். உனக்குக் கோபம் வந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. ரயில் நேரத்துக்கு வந்ததில் நிம்மதி என்று சொந்த அம்மாவைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாள் பார், அவளுக்கு எவ்வளவு தைரியம். அவள் அம்மாவை அவளுக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததால்தான் மடிக்காமல் காட்டுகிறாள்.

நீ என்ன செய்தாய் என்று யோசித்தாயா? ஒரு தாய்க்கு முக்கால் கதையைச் சொல்லி, நல்ல புடவை கட்டவைத்து, அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாய். இப்போது நான் வந்து, இல்லாதவனை இருக்கிறான் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் வீட்டுக்குள் இடம். பழசைப் பேச மாட்டாளாம். பழசு என்ன என்று அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

நீயே கேட்காததால் நானே சொல்கிறேன். அப்பா போன பிறகு பதிவேட்டில் குடும்பத் தலைவன் தம்பிதான். நீ பள்ளி முடித்த வருஷம் கல்லூரியில் சேர்க்க, குடும்பத் தலைவரின் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கேட்டார்கள். தலைவர் எங்கே என்றார்கள். காணோம் என்றேன். காணாமல்போனவர் கையெழுத்துப் போட முடியாது, இறந்திருந்தால் அடுத்தவர் போடலாம் என்றார்கள். ஏழு வருஷம் முடிந்திருந்தது, அதனால் எழுதிக்கொடுத்தால் எடுத்துக்கொள்வார்கள். சேர்க்கை முடிய மூன்று நாள் இருந்தது. போட்டேன்.

நம் வீட்டில் முதல் பட்டம் உன்னுடையது. அதை அம்மா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாளே, அதே சுவருக்குக் கீழே நின்றுதான், அந்தப் பதிவு அவளுக்குத் தெரியவந்த அன்று, என்னைப் பார்த்து “என் பிள்ளையை எழுதிக் கொன்னவ” என்றாள். நீ கதவோரம் நின்றாய்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதிய பிறகு குத்திக்காட்டியதுபோல்தான் இருக்கிறது. கிழிக்க மனமில்லை.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

சனிக்கிழமை கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். என் சேர்க்கை ஃபைலை எடுத்துத் தர அங்கே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு விருப்பமில்லை, நான் வழக்கம்போல நின்றேன். மூன்றாவது தாள் அண்ணனின் இறப்புச் சான்றிதழ் நகல். அதன்மேல் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். இரட்டைப் பின்னல், நான் சிரிக்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் எழுதவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வந்தேன். எனக்காகத்தான் அக்கா போட்டாள் என்று. வாய் வரை வந்தது. அம்மா தையலை வைத்துவிட்டு, “21ஆம் தேதி அவளுக்கு வடக்குப் பக்க ஜன்னல்கிட்ட படுக்கை போட்டுடலாமா, அங்கதான் காத்து வரும்” என்று கேட்டாள். போடலாம் என்றேன்.

ஒன்று கேட்க வேண்டும். மெய்ப்புப் பார்க்கிறவளின் கண் எனக்கு வந்துவிட்டது, மன்னித்துக்கொள். உன் கடிதத்தில் கல்லூரிக்காரர்களிடம் சொன்னதாக ‘காணோம்’ என்று எழுதுகிறாய். என்னிடம் சொல்லும்போது ‘இல்லாதவன்’ என்கிறாய். அம்மா எத்தனை கேட்டும் அன்றைக்கு நீ, “அவன் இருந்தா என்ன பண்ணுவே” என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவே இல்லை.

உனக்கு ஏதாவது தெரியுமா?

தங்கை


பிப்ரவரி 13

சின்னவளுக்கு,

தெரியும்.

நான் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு வருஷம் முந்தி. பழைய ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வரும்போது கேட்டருகே ஒரு ஆள் நின்றிருந்தார். இடுப்பு வளைந்து, நாற்பது வயதா எழுபதா என்று சொல்ல முடியாத ஆள். நான்தான் அவன் அக்காவா என்று கேட்டார். லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அடைத்த இடத்தில் தம்பியோடு ஒரே கொட்டகையில் இருந்தாராம். நான்காவது மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. மருந்து இல்லை. ஐந்து நாள். எங்கே புதைத்தார்கள் என்று பார்க்க இவர்களை விடவில்லை. காய்ச்சலில், வீட்டில் இஸ்திரிப்பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், திருகாணி தொலைந்துவிடும், அம்மாவிடம் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அவர் வேறு யாருடைய பிள்ளையோடும் குழப்பிக்கொள்ளவில்லை. அந்த இஸ்திரிப்பெட்டி எனக்குத் தெரியும்.

பெயர் சொல்லாமல் போய்விட்டார். இன்னும் எத்தனை வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்ததோ.

சொல்லத்தான் வந்தேன். அம்மா தம்பியின் கால்சட்டை விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். “பதினெட்டு வயசுல போனவன், இன்னும் ரெண்டு விரற்கடை வளர்ந்திருப்பான்” என்றாள். விளக்கை ஏற்றி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அதோடு சரி.

உன் புத்தகத்துப் பெண்ணுக்கு அந்த மகள் கிடைத்தாள். அம்மா செத்த பிறகுதான் அவள் நான்கு தாளையும் எழுதினாள் என்று நினைக்கிறேன். உயிரோடு இருக்கும்போது யாராலும் முடியாது. நான் உன்மேல் எரிந்து விழுந்தது நியாயமில்லை. நீ மடித்தது நான்கு தாள். நான் மடித்து வைத்திருப்பது ஒன்பது வருஷம்.

21ஆம் தேதி வருகிறேன். கேட்கிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். இருக்கிறான் என்று எழுதிக்கொடுக்கிறேன். அன்று ஒரு நாள்தான் விடுப்பு. அழைத்தால் வீட்டுக்கு வருவேன்.

இதை அம்மாவிடம் சொல்லாதே. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நான் செத்தபின் சொல்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். கை உரிந்ததற்கு ஏதாவது தடவுகிறாயா?

அலுவலகத்தில் நடந்ததற்கு நீயும் சாட்சி. நீ எழுதிக்கொடுத்ததை வாங்கிப் படித்துவிட்டு அந்தக் குமாஸ்தா, “உயிரோட இருக்காருன்னா அவரே நேர்ல வரணும்மா. மத்தவங்க கையெழுத்து செல்லாது” என்றார். குரலில் கிண்டல்கூட இல்லை. விதி அப்படி. அம்மா அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நீ வாசலில் கால் மணி நேரம் நின்றாய். அம்மா அழைக்கவில்லை. நீ ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தாய். ரயில் வரத் தாமதம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வடக்கு ஜன்னலோரம் விரித்த படுக்கையை அம்மாவே சுருட்டி வைத்தாள். கோபம் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் நான் புத்தகத்தின் கடைசித் தாள்களை எடுத்தேன். மனசு கேட்கவில்லை அக்கா, அந்த ஒன்றையாவது முழுசாகப் படித்துவிட வேண்டும்போல் இருந்தது. புத்தகத்தை மட்டும்தான், வேறெதுவும் இல்லை. “அம்மா, அந்தக் கதையில இன்னும் கொஞ்சம் இருக்கு” என்றேன்.

“நாலு தாள்” என்றாள்.

நான் கையிலிருந்த தாள்களை எண்ணிப் பார்த்தேன்.

“எனக்கு எழுத்துதான் தெரியாது. எண்ணத் தெரியும். அன்னைக்கு நீ முடிஞ்சிருச்சுன்னு சொன்னப்ப கட்டுக்கு அடியில நாலு இருந்துச்சு. சரி, அதுல நல்லது எழுதியிருந்தா நீயே படிச்சிருப்பியேன்னு விட்டுட்டேன்.”

படி என்றாள். படித்தேன். பெயர் வைத்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். ரயில் நேரத்துக்கு வந்த இடத்தில் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டாள். முடித்ததும், அந்தப் பெண்ணுக்கு அவன் கிடைக்காமலே இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பாள் என்றாள். பிறகு உன்னைப் பற்றிப் பேசினாள். நான் கேட்கவில்லை.

“கையெழுத்துப் போடறப்ப உங்க அக்கா கையைப் பார்த்தேன். நடுங்கவே இல்ல. தம்பி இருக்கான்னு நெசமா நம்பி எழுதறவ கை நடுங்கியிருக்கணும்.”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான், தாளைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் பேசுகிறேன். நிமிர்ந்தால் என் முகத்திலும் ஏதாவது தெரிந்துவிடும்.

“அவளுக்கு எழுது. கோபம் ஒண்ணும் இல்லைன்னு எழுது. உன் படிப்புக்குத்தான் அவ போட்டாங்கறது எனக்கு அப்பவே தெரியும், அதையும் எழுது. ஆனா வர வேண்டாம். வந்தா நான் கேட்டுடுவேன். கேட்டா அவ சொல்லிடுவா.”

குத்தி வைத்த ஊசியை எடுத்துக்கொண்டு, அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால்கூட நீ போய்ப் பார், இங்கே கூட்டி வராதே என்றாள். தனக்கு முடியாமல் போனாலும் சொல்லியனுப்ப வேண்டாம் என்றாள்.

இதை எழுதும்போது எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். எழுதியாச்சா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். முழுசாகப் படித்துக் காட்டச் சொல்வாள், அதனால் இந்த ஒரு தாளைத் தனியாக எழுதி உள்ளே வைக்கிறேன். அவள் கேட்கப்போகிற தாளில் நான்கு வரிதான் இருக்கிறது.

எழுதிவிட்டேன் அக்கா. வராதே.

தங்கை